தொடாவிதி

புதுக்கொற்கையில் மனிதர்கள் பல் துலக்கும்போதே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பது காதில் விழுந்துவிடும். அன்று காலை லில்லிபாயின் காதுக்குள்ளிருந்த செவிவித்து அவளிடம் சொன்னது இது: தோசை அடிப்பிடிக்க வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்று, கணவரோடு சண்டை வர எழுபத்திரண்டு, அந்தச் சண்டையில் லில்லிபாய் ஜெயிக்கத் தொண்ணூற்றாறு. லில்லிபாய் நிம்மதியாக வாய் கொப்பளித்துவிட்டுச் சண்டைக்குப் போனாள்.

சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் நிலவில், கிராக்கன் கடலின் கரையில் இருந்தது புதுக்கொற்கை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கிளம்பிப் போனவர்களின் வழிவந்தவர்கள் கட்டிய ஊர். ஊருக்கு ஒரே கூரை. கூரைக்கு வெளியே ஆரஞ்சு நிற மூட்டம், எலும்பை உடைக்கும் குளிர். அந்தக் கடலில் தண்ணீர் கிடையாது. குளிரில் நீர்மமாகிவிட்ட மீத்தேன்தான் அலையடித்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு நடுவே, கடலின் குளிரையே குடித்துக்கொண்டு ஓடும் கணிப்பொறிக் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னறி என்று பெயர். ஊரில் ஒவ்வொருவருடைய நாடியும் நடையும் பேச்சும் உறக்கமும் செவிவித்து வழியாக அதற்குப் போகும். எது நடக்கும், எது நடக்காது என்று அது கணித்துச் சொல்லும் எண்ணை மக்கள் தகவு என்றார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் தகவு கேட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் தகவு கேட்டார்கள். பாட்டு வாத்தியார்கூட, பிள்ளையின் குரலைக் கேட்பதற்கு முன்னால் அதன் தகவைத்தான் கேட்டார். தகவு ஐந்துக்குக் கீழே போனவர்களை ஊர் அடித்தகவு ஆட்கள் என்றது. அவர்களுக்கு யாரும் கெடுதல் செய்வதில்லை. யாரும் எதுவுமே செய்வதில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிற ஊரில் ஒரே ஒரு சுவாரசியம்தான் மிச்சம்: முன்னறி எப்போது தவறும்? அதற்காகவே அங்கே பந்தய மன்றம் இருந்தது. யார் வேண்டுமானாலும் எதன்மேல் வேண்டுமானாலும் பந்தயம் வைக்கலாம். அதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு மன்றம் பட்டயம் தந்தது. அவர்கள் பந்தயர்கள். நல்ல பந்தயர் ஒருவர் எதன்மேலாவது பந்தயம் வைத்தால், அவருக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்று முன்னறியே தன் கணக்கைச் சற்றுத் திருத்திக்கொள்ளும்.

தையல்நாயகி அப்படிப்பட்ட பந்தயர். சூதாடி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. "ஆமா, சூதாடிதான். எங்க வம்சத்துல முதல் ஆளு" என்பாள், தலையை நிமிர்த்திக்கொண்டு. மற்றப் பந்தயர்கள் எண்களைப் பார்த்தார்கள். அவள் மனிதர்களைப் பார்த்தாள். ஒருவர் கதவைத் தட்டுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் தயங்குகிறார், தோற்றவன் வீட்டுக்கு எந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறான் என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணில் பட்டன. அதனாலேயே ஜெயித்தாள். கடலைப் பார்த்தபடி, அசல் கண்ணாடிச் சன்னல் வைத்த வீடு கட்டினாள். பணம் வந்துகொண்டே இருந்தது, சாப்பிட்டு மூடிய இலையைத் திறந்து திறந்து யாரோ சோறு போடுவதுபோல. ஒரு கட்டத்தில் ஜெயிப்பது அவளுக்குப் பசிக்காத நேரத்துச் சாப்பாடாகிவிட்டது.

பிறகு ஒருநாள் அவள் தோற்றாள்.

சம்பூரணம் என்ற பெண் ஊரின் காய்கறித் தோட்டத்துக்குக் கண்காணிப்பாளர் ஆவதற்குத் தேர்வு எழுதவிருந்தாள். முன்னறி அவளுக்குக் கொடுத்த தகவு மூன்று. அவள் தேறமாட்டாள் என்று தையல்நாயகி பந்தயம் வைத்தாள். தோற்கவே முடியாத பந்தயம். பந்தயம் வைத்துவிட்டு, கூரைக்கு வெளியே உள்ள நடைபாதை வழியாக எங்கோ போய்க்கொண்டிருந்தபோது, எதிரில் ஒரு பெண் சுவாசமூடியைப் பிடித்துக்கொண்டு திணறுவதைப் பார்த்தாள். மூடியின் வால்வு குளிரில் உறைந்திருந்தது. தையல்நாயகி தன் சூட்டுக்கையுறையை அதன்மேல் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"பதறாதீங்க. இது இப்படித்தான் மக்கர் பண்ணும். எனக்கும் பண்ணும்" என்றாள். பனி இளகி மூச்சு சீராகும்வரை கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் போகவேண்டிய வாசல்வரை கூடவே நடந்து விட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பந்தய மன்றத்தில் சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள்போல ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். சம்பூரணம் தேறிவிட்டாள். மன்றத்துத் திரையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள்: "வர்ற வழியில மூச்சு முட்டிப்போச்சு. திரும்பிப் போயிரலாம்னுதான் நினைச்சேன். யாரோ ஒரு அக்கா வந்து கை வச்சாங்க. மூடிக்குள்ள முகம்கூடச் சரியாத் தெரியல. அதுக்கப்புறம் எனக்குப் படபடப்பே இல்ல."

தையல்நாயகி தன் கையைப் பார்த்தாள். தன் பந்தயத்தைத் தோற்கடித்தது அந்தக் கைதான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை ஆண்டு ஜெயித்ததில் ஒருநாளும் வராத சந்தோஷம் அது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் காப்பி வாங்கிக் கொடுத்தாள். தோல்வியில் புத்தி பேதலித்துவிட்டதென்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

முன்னறி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தது. வழியில் யாரோ ஒருவர் நிற்பார் என்பதை மட்டும் கூட்டவில்லை. கூட்டத் தெரியாததால் அல்ல. அப்படி யாரும் நிற்பதில்லை என்று அதற்கு அத்தனை ஆண்டு அனுபவம்.

அன்றுமுதல் தையல்நாயகி அடித்தகவு ஆட்கள்மேல் மட்டுமே பந்தயம் வைத்தாள், ஜெயிப்பார்கள் என்று. வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மன்றத்தில் தொடாவிதி என்று ஒரு சட்டம் உண்டு. பந்தயம் வைத்தவர் பந்தயப் பொருளைத் தொடக்கூடாது. காசு கொடுக்கக்கூடாது, பயிற்சி கொடுக்கக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது, மிரட்டக்கூடாது. தையல்நாயகி இதில் எதையும் செய்யவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். தேர்வு அறைக்கு வெளியே, உள்ளே போனவர் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். சட்டம் எழுதியவர்களுக்கு இதெல்லாம் ஆட்டத்தைப் புரட்டும் என்று தோன்றவே இல்லை, அதனால் தடுக்கவும் இல்லை. பத்தில் ஏழு பேர் தேறினார்கள். வந்த பணத்தை ஊர்ப் பொதுச் சமையற்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, யார் அனுப்பியது என்று சொல்லவேண்டாம் என்றாள்.

ஊர் வாசலில், கூரைக்கு வெளியே, பனிப்பாறையைக் குடைந்து ஒரு பிள்ளையார் இருந்தார். தேங்காய் முளைக்காத ஊர் என்பதால் பனியுருண்டைதான் சிதறுகாய். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் தையல்நாயகி அங்கே போய் ஒன்றை ஓங்கி உடைப்பாள். "பிள்ளையாரப்பா, நான் வச்சுட்டேன். இனி உன் பொறுப்பு. கொஞ்சம் என் பொறுப்பு" என்பாள்.

*

இருதயராஜை அவள் துறைமுகத்தில் பார்த்தாள். ஒருகாலத்தில் அவன் தண்டல். கடலில் தோணி செலுத்துகிற தலைவனை அந்த ஊரில் பழைய தூத்துக்குடி வழக்கப்படி தண்டல் என்பார்கள். கடலுக்கு நடுவே உள்ள தீவுகளிலிருந்துதான் தோட்டத்துக்கு உரமணல் வரவேண்டும். கடலுக்குள் முன்னறியின் குரல் எட்டாது. போகிறவன் தன் கையை நம்பித்தான் போகவேண்டும். வழியில் நுரைக்கண்டம் என்ற இடம் ஒன்று. தோணியின் சூடு பட்டால் அங்கே கடல் சோடாபோலப் பொங்கும். பொங்கிய கடல் எதையும் தாங்காது. இருதயராஜின் தோணி அங்கே ஒருமுறை அமிழ்ந்தது. இரண்டு பேரைக் கரைசேர்த்தான். மூன்றாமவனைச் சேர்க்க முடியவில்லை. அவன் இருதயராஜுக்கு மச்சான்.

அதன்பிறகு சுக்கானைப் பிடித்தால் இருதயராஜுக்குக் கை நடுங்கியது. துறைமுகத்தில் தரை துடைக்கும் வேலைதான் கிடைத்தது. பட்டம் பறிபோன தண்டல்கள் மறுதேர்வுக்கு வர ஒரு கெடு உண்டு. அது முடியும் நேரம். இந்தமுறை விட்டால் இனி ஆயுசுக்கும் கடல் கிடையாது. ஆனால் மற்றத் தேர்வுகளைப்போல் அல்ல, தண்டல் தேர்வுக்குத் தகவு ஐந்தாவது இருந்தால்தான் விடுவார்கள். அவனுக்கு மூன்று.

தையல்நாயகி ஒரு தூணோரம் நின்று அவன் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளக்கழியைப் பிடித்து அவன் ஈரத்தை ஓட்டிக்கொண்டு போனது, நீரோட்டம் பார்த்துத் தோணியைத் திருப்புகிறவனைப்போலவே இருந்தது. கையில் நடுக்கமே இல்லை. பிறகு மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் நின்றார். உடனே கழி நடுங்கியது. அவர் போனார். நடுக்கமும் போய்விட்டது.

'கடல் இவனை நடுக்கவில்லை; பார்க்கிறவர் கண்தான் நடுக்குகிறது' என்று அவளுக்குத் தெரிந்தது. நேரே மன்றத்துக்குப் போனாள். இருதயராஜ் தேறுவான் என்று, அந்த ஆண்டில் வேறு யார்மேலும் வைக்காத அளவுக்குப் பந்தயம் வைத்தாள். முன்னறி ஒரு கணம் யோசித்தது. மூன்று, ஆறாயிற்று. இருதயராஜுக்குத் தேர்வு நாள் குறித்தார்கள்.

மறுநாள் அவள் வீட்டுக்கு ஜமால் முகைதீன் வந்தார். பந்தய மன்றத்தின் விதி அதிகாரி. நியாயமான மனிதர். கெட்ட செய்தி சொல்லவேண்டியிருந்தால் உட்காரும்போதே முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"டீ நல்லா இருக்கு தங்கச்சி. நான் சொல்லப்போறது நல்லா இருக்காது" என்றார்.

"அப்ப டீயைக் குடிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க அண்ணே. ரெண்டையும் ஏன் கலக்கணும்?"

அவர் குடித்து முடித்தார். "நீ பந்தயம் வச்ச ஆளுங்க பக்கத்துல எல்லாம் நீ நின்னிருக்க. இடம் விட்டிருக்க. ஒருத்தனுக்கு மூக்குச் சிந்தத் துணி கொடுத்திருக்க."

"பாவம், சளி பிடிச்சிருந்துச்சு."

"சட்டத்துல சளியைப் பத்தி ஒண்ணும் இல்ல. அதனாலதான் இத்தனை நாளும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியல. மத்தப் பந்தயருங்க எல்லாம் சேர்ந்து மனு கொடுத்துட்டாங்க. மன்றம் விதியை மாத்திட்டு. இனி பந்தயம் வச்ச ஆளுக்குப் பத்தடிக்குள்ள நீ போனாலே தொட்டதாத்தான் அர்த்தம். போனா பட்டயம் போயிரும். ஆயுசுக்கும்."

தையல்நாயகி சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். "பந்தயத்தைத் திருப்பி எடுத்துட்டா?"

"தாராளமா எடு. பிறகு அந்தப் பையனுக்கு நீ விருந்தே வை, யாரும் கேக்கமாட்டாங்க. ஆனா அவன் தகவு மறுபடியும் மூணுக்கு வந்துரும். தேர்வு இல்ல."

"வச்சா கிட்டப் போகக்கூடாது. கிட்டப் போனா வைக்கக்கூடாது."

"அதேதான். நான் மிரட்ட வரல தங்கச்சி. உன் காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இன்னொரு டீ குடிக்கீங்களா?"

"குடிக்கேன்" என்றார் ஜமால், வருத்தத்தோடு.

அவள் கவலைப்பட்டது பணத்துக்காக இல்லை. அந்தப் பட்டயம் அவளுடைய பேர். அவள் வைத்தால் முன்னறியே எண்ணைத் திருத்தும். ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெருமை அது. பட்டயம் இருந்தால் இன்னும் எத்தனை பேரைத் தேர்வு வாசல்வரை கொண்டுபோகலாம்! ஒருவனுக்காக அதைத் தொலைப்பது புத்திசாலித்தனமா? எல்லாப் பக்கமும் கணக்குப் பார்த்துவிட்டு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தூரத்தில் நின்று பார்ப்போம். அவனாகவே தேறினாலும் தேறலாம்.

*

தண்டல் தேர்வு என்பது நுரைக்கண்டத்தைத் தாண்டித் தீவுக்குப் போய்த் திரும்புவது. அதில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்குப் போகிறவன் தனியாகப் போகமுடியாது. சொந்தம் இல்லாத ஒருவர் தானாக முன்வந்து அவன் தோணியில் உட்காரவேண்டும். ஓர் உயிரை ஏற்றிக்கொண்டு போகத் தெரியாதவன் தண்டல் இல்லை என்பது அந்த ஊர்க் கடலோடிகளின் சட்டம். துறைக்காரர் மணியடித்து மூன்றுமுறை கேட்பார். யாரும் வராவிட்டால் தேர்வு இல்லை.

இருதயராஜ் தோணிக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். சுற்றிலும் கூட்டம். எல்லோருக்கும் அவனைத் தெரியும். எல்லோருக்கும் அவன் தகவும் தெரியும்.

"துணை உண்டா?" என்றார் துறைக்காரர்.

அவனோடு ஒன்றாகக் கடலுக்குப் போனவர்கள் குனிந்து தங்கள் காலணிப் பட்டையைச் சரிசெய்தார்கள்.

"துணை உண்டா?"

"ஆறுன்னா நூத்துல ஆறுல்லா மக்கா. எனக்குப் பிள்ளைங்க இருக்கு" என்று யாரோ யாரிடமோ மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

இருதயராஜ் தலையைக் குனியவில்லை. அது தையல்நாயகியின் கண்ணில் பட்டது. அவன் தன் தோணியைப் பார்த்துக்கொண்டு நின்றான், விடைபெறுகிறவனைப்போல.

அவள் நடக்கத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற ஜமால் பதறிப்போனார்.

"தங்கச்சி, பத்தடி! பத்தடி!"

"எனக்கு எண்ணத் தெரியும் அண்ணே. நீங்களும் எண்ணிக்கோங்க, பிறகு மன்றத்துல கேப்பாங்க" என்றாள் திரும்பாமலே. "துறைக்காரரே, மூணாவது தடவை கேக்காதீங்க. துணை இருக்கு."

தோணிக்குள் இரண்டு இருக்கைகள். முன்னால் தண்டலுக்கு, பின்னால் துணைக்கு. பின்னால் இருப்பவர் தண்டலின் கைகளைப் பார்த்தபடிதான் உட்காரவேண்டும். இருதயராஜ் சுக்கானைப் பிடித்தான். கை நடுங்கியது. கரை கண்ணுக்கு மறைந்தது.

"அக்கா, உங்க பட்டயம்..."

"அது அப்பவே போச்சு. நீ முன்னால பாரு."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே. எனக்காக எதுக்கு?"

"எனக்கு உன்னைத் தெரியும். நல்லாத் தரை துடைப்ப."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் கை நிற்கவில்லை. "பயமா இல்லையா அக்கா?"

"பயமில்லாம இருக்குமா? ஆனா உறக்கம் அதுக்கு மேல வருது. வெள்ளனவே எந்திரிச்சது. நான் கொஞ்சம் கண் அசருதேன். தீவு வந்ததும் எழுப்பு."

"உறங்கப் போறீங்களா? என் தோணியிலயா?"

"வேற யார் தோணியில போய் உறங்க? இதுலதான ஏறியிருக்கேன்."

அவள் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். முதலில் நடிப்புதான். அவன் கையை யாரும் பார்க்கக்கூடாது. அவளிடம் கொடுக்க அதைத் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தோணியின் அடியில் கொப்பளிக்கும் ஓசை கேட்டது. நுரைக்கண்டம். தோணி ஒரு பக்கம் அமிழ்ந்து எழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்துவிடவேண்டும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்திலேயே பெரிய ஆசையாக இருந்தது. அவள் திறக்கவில்லை. பிள்ளையாரை நினைத்தாள். 'அப்பனே, இதுவரைக்கும் என்கிட்ட மிஞ்சிக் கிடந்ததைத்தான் வச்சு ஆடினேன். இன்னிக்குத்தான் ஒண்ணே ஒண்ணு இருக்கிறதை வச்சிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டாள். சொன்னதும் மனம் லேசாகிவிட்டது. தோணி மெல்ல மெல்ல ஆடியது, தூளி ஆட்டுவதுபோல. அவள் நிஜமாகவே உறங்கிப்போனாள்.

"அக்கா, தீவு."

கண்விழித்தபோது முன்னால் கறுப்பு மணல் மேடு. இருதயராஜ் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நுரையைத் தாண்டிட்டியா?"

"அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. நுரைக்குள்ள போனா வேகமெடுத்துத் தப்பிக்கத்தான் யாருக்கும் கை போகும். அன்னிக்கும் அப்படித்தான் எடுத்தேன், எந்திரம் சூடாகி மொத்தக் கடலும் பொங்கிட்டு. இன்னிக்கும் கை போச்சு. ஆனா வேகமெடுத்தா தோணி குதிக்கும், உறங்குத ஆளு முழிச்சிருமேன்னு... அப்படியே மெதுவா, மெதுவா வந்தேன். கடல் சும்மா விட்டுட்டு."

"கை?"

இருதயராஜ் தன் கைகளை விரித்துப் பார்த்தான். "மறந்தே போயிட்டேன்" என்றான்.

*

கரையில் ஆரவாரம் அடங்கியதும் ஜமால் அவளிடம் வந்தார். அவர் கேட்குமுன்பே தையல்நாயகி கழுத்துப்பட்டையிலிருந்த பட்டயவில்லையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். பந்தயம் செல்லாது, ஜெயித்த பணம் கிடையாது, இனி அவள் பந்தயர் இல்லை என்று அவர் முறைப்படி சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நான் இத்தனை வருசம் இந்த வேலையில இருக்கேன். ஒரு பந்தயர் எழுந்துபோய்த் தன் பந்தயத்து மேல தானே உக்கார்ந்து நான் பார்த்ததில்ல" என்றார்.

"நானும் பார்த்ததில்ல" என்றாள் தையல்நாயகி. அவள் வீட்டுக்கு நடந்துபோன நடையைப் பார்த்தவர்கள், எதையோ தொலைத்தவள் என்று சொல்லமாட்டார்கள்.

மறுவாரம் துறைக்காரர் அவளைத் தேடி வந்தார். அடுத்த தேர்வுக்கும் துணை வேண்டியிருந்தது. அவள் போனாள். பிறகு தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள், மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். யார் நடுங்குகிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவது அவளுடைய வேலையாயிற்று. "தொழிலை மாத்திட்டீங்களா?" என்று கேட்டவர்களிடம், "இல்லையே, அதே தொழில்தான். மன்றம்தான் கிடையாது" என்றாள்.

ஆனால் ஊர் கற்றுக்கொண்ட பாடம் வேறு. தையல்நாயகி இத்தனை ஆண்டு எப்படி ஜெயித்தாள் என்ற இரகசியம் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடித்தகவு ஆள்மேல் பந்தயம் வை, பிறகு ஓடிப்போய் அன்பாக இரு, அள்ளிக்கொண்டு வா! லில்லிபாயின் கணவர் தச்சு வேலை கற்கும் ஒரு அடித்தகவுப் பையன்மேல் பணத்தை வைத்துவிட்டு, தினமும் உப்புமா தூக்கிக்கொண்டு போனார். ஒரு விதவையின் கடைவாசலில், யார் அவளுக்குச் சாமான் இறக்கித் தருவது என்று இரண்டு கனவான்கள் கைகலந்தார்கள். "இவங்க எங்க ஆளு. நாங்க முதல்லயே வச்சாச்சு" என்றார் ஒருவர். ஊரில் பாதிப்பேர் பத்தடிக்குள் நின்றால் யாரை யார் பிடிப்பது? தொடாவிதி பேருக்கு இருந்தது.

கேவலமான காரணத்துக்காகச் செய்த உதவியும் உதவிதான். உப்புமாவுக்குக் காரணம் தெரியாது; அது பசியை ஆற்றிவிட்டது. அடித்தகவு ஆட்கள் ஒவ்வொருவராகத் தேறினார்கள். சீக்கிரமே ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. எல்லோரும் ஜெயித்தால் பந்தயத்தில் என்ன லாபம்? மன்றத்தில் கூட்டம் குறைந்தது. ஒருநாள் கதவைச் சாத்தினார்கள். லாபம் போனதும் பலபேர் உதவியையும் நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரும் அல்ல. லில்லிபாயின் கணவர், இனி ஒரு காசு வராது என்று தெரிந்தும் உப்புமாவோடு போய்க்கொண்டிருந்தார். "போகலைன்னா அந்தப் பய சாப்பிட மாட்டான்" என்று கோபமாகச் சொன்னார். அப்படிச் சிலபேர் மிஞ்சினார்கள். அந்தச் சிலபேர் எப்போது எந்த வழியில் நிற்பார்கள் என்பது முன்னறிக்குப் பிடிபடவில்லை. முதன்முறையாக அது மக்கள் காதில், "தெரியவில்லை" என்று சொல்லத் தொடங்கியது.

வேலை இல்லாமல் போன ஜமாலுக்கு ஊர்ச்சபை ஒரு வேலை கொடுத்தது. முன்னறி இல்லாத காலத்தில், பழைய பூமியில், மனிதர்கள் எப்படித்தான் முடிவெடுத்தார்கள் என்று கண்டறிந்து சொல்லவேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் மனிதர்கள் பேசிக்கொண்ட குரல்பதிவுகள் ஏராளமாக இருந்தன. அவர் பல மாதங்கள் அவற்றைக் கேட்டார். ஒரு சாயங்காலம் குழம்பிப்போன முகத்தோடு தையல்நாயகி வீட்டுக்கு டீ குடிக்க வந்தார்.

"அந்தக் காலத்துல யாருக்கு என்ன தகவுன்னு யாருக்குமே தெரியாது தங்கச்சி. அப்ப ஒருத்தன் திணறுதான்னா, இவன் தேறமாட்டான்னு சொல்லி ஒதுங்கிப் போக ஒருத்தருக்கும் சாக்கே கிடையாதுல்லா? எல்லாரும் எல்லாருக்கும் துணை போயிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"போகலையா?"

"கொஞ்சம் பேர் போயிருக்காங்க. மத்தவங்க நாலு பேரைக் கேட்டு நடந்திருக்காங்க."

"எந்த நாலு பேரு?"

"அதுதான் எங்கயும் பிடிபடல. எந்த வீட்டுப் பேச்சைக் கேட்டாலும் அவங்க வந்துருதாங்க. பொண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்பலாமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க? ஜெயில்லேர்ந்து வந்தவனுக்கு வேலை கொடுக்கலாமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க? பையன் பாட்டுப் படிக்கணுங்கான்; நாலு பேர் சிரிப்பாங்க, வேண்டாம். நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அவங்க வாக்குதான்."

"ஊருக்கு நாலு பேரா, இல்ல மொத்தப் பூமிக்கும் சேர்த்து நாலு பேரா?"

"யாரும் அவங்களை நேர்ல பார்த்ததாவே தெரியல."

"சரி, அவங்க சொன்னதுல எத்தனை பலிச்சுது?"

"அதையும் யாரும் சரிபார்க்கல. சரிபார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணவே இல்ல."

தையல்நாயகி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, முகம் முழுக்க வியப்போடு, எழுந்தே நின்றுவிட்டாள்.

"கண்ணால பார்க்காத நாலு பேரு. சொன்னது பலிச்சுதா, இல்லையான்னு கணக்குக் கிடையாது. அவங்க பேச்சை நம்பி, பெத்த பிள்ளை வாழ்க்கையைத் தூக்கி அப்படியே வச்சிருக்காங்களே! அண்ணே, நான் பட்டயம் வாங்கின சூதாடி. எனக்கு ஒருநாளும் அந்தத் துணிச்சல் வந்ததில்ல."